ஐந்து மாதக் குழந்தை பகலில் அரை மணி நேரம்தான் தூங்குகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி இது: மகளுக்கு 5 மாதம் முடிந்திருக்கிறது. பகலில் எப்போது படுக்க வைத்தாலும் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறாள். மாலை 5 மணிக்கு மேல் என்ன செய்தாலும் அழுகை. இரவில் மூன்று, நான்கு முறை விழிக்கிறாள். செல்போனில் கிடைத்த ஓர் அட்டவணைப்படி காலை 9, மதியம் 12, பிற்பகல் 3 என்று படுக்க வைத்துப் பார்த்தும் ஒத்துவரவில்லை. எங்கே தப்பு நடக்கிறது?

அட்டவணையை மாற்றினால் இதில் பாதி சரியாகிவிடும். மீதிப் பாதி அந்த வயதின் இயல்பு. அதைச் சரிசெய்யப் போனால் நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். அதற்குக் குழந்தைக்குத் தூக்கம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது புரிந்துவிட்டால் யாருடைய அட்டவணையும் உங்களுக்குத் தேவைப்படாது.

தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் விளக்கினார். தூக்க ஆராய்ச்சியில் இன்றைக்கும் அடிப்படையாக இருப்பது அந்த விளக்கம்தான். ஒன்று, தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அது ஏறிக்கொண்டே போகிறது, தூங்கும்போது இறங்குகிறது. மற்றொன்று, உடலின் உள் கடிகாரம். வெளிச்சத்தைக் கொண்டு இது பகல், இது இரவு என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அழுத்தம் ஏறி முடிக்க ஒரு முழுப் பகல் ஆகும். சின்னக் குடம் சீக்கிரம் நிறைவது மாதிரி, குழந்தைக்கு அது ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே நிறைந்துவிடுகிறது. ஒரு தூக்கம் போட்டால் காலியாகும், மறுபடி நிறையும். பகலில் மூன்று நான்கு முறை தூக்கம் தேவைப்படுவது இதனால்தான்.

உள் கடிகாரம் பிறக்கும்போதே ஓடிக்கொண்டு வருவதில்லை. சுமார் 2, 3 மாதத்தில்தான் மெலட்டோனின் என்ற இரவு ஹார்மோன் ஒழுங்காகச் சுரக்கத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் பகல் இரவு என்ற வேறுபாடே அவர்களுக்குக் கிடையாது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலட்டோனின் இருப்பது அந்த இடைவெளியில் ஒரு சின்ன உதவி. உங்கள் மகளுக்கு 5 மாதம் ஆகிவிட்டதால் இரவைப் பற்றிய கணக்கு ஓரளவு வந்திருக்கும். பகல் தூக்கம் மட்டும் இன்னும் நிலைப்பட்டிருக்காது. இரவு முதலில் ஒழுங்குபடும், காலைத் தூக்கம் அடுத்து, மதியத் தூக்கம் அதற்கும் அடுத்து. நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலும் இந்த வரிசைதான். பெற்றோரோ பகல் முழுவதையும் ஒரேயடியாகச் சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். 9, 12, 3 என்ற மணிக்கணக்கு, ஒவ்வொரு தூக்கமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் என்று நம்பிப் போடப்பட்டது. உங்கள் பாப்பா 9 மணிக்குப் படுத்து 9:30-க்கு எழுந்துவிடுகிறாள். அடுத்த தூக்கம் 12 மணிக்கு. அதாவது இரண்டரை மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கிறாள். 5 மாதத்தில், அதுவும் ஒரு குட்டித் தூக்கத்துக்குப் பிறகு, இது அதிகம். 12 மணிக்குள் அவள் களைத்துச் சிணுங்கியபடி படுப்பாள், அரை மணியில் எழுவாள், பிறகு 3 மணி வரை மறுபடி அதே கதை. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்த களைப்பு மாலை 5 மணிக்கு அழுகையாக வருகிறது. குழந்தைகள் காரணமில்லாமல் அழுது தீர்க்கும் காலம் பிறந்து ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே 5 மாதத்தில் தினமும் ஒரே நேரத்தில் வரும் மாலை அழுகை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது களைப்பைத்தான்.

மணியைப் பார்ப்பதற்குப் பதில், அவள் கடைசியாக எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். விழித்திருக்கும் நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் பிடி. குழந்தையைத் தூங்கு என்று கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. எப்போது படுக்கைக்குக் கொண்டுபோவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். பச்சிளங்குழந்தை முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை விழித்திருக்கும், பால் குடிக்கும் நேரமும் சேர்த்து. 3, 4 மாதத்தில் ஒன்றேகாலிலிருந்து இரண்டு மணி நேரம். 5 முதல் 7 மாதம் வரை சுமார் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம், 5 மாதத்தில் இரண்டை ஒட்டி, போகப்போக மூன்றை நோக்கி. 8, 9 மாதத்தில் இரண்டரையிலிருந்து மூன்றரை. ஒரு வயதை ஒட்டி மூன்றிலிருந்து நான்கு. இவையெல்லாம் குழந்தைகளைக் கவனித்து வந்தவர்கள் அனுபவத்தில் சொல்லும் தோராயமான அளவுகள். உங்கள் பாப்பா இதற்கு அரை மணி முன்னேயோ பின்னேயோ இருந்தால் பதற வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

நாளில் விழித்திருக்கும் முதல் இடைவெளி எப்போதும் குறைவாகவும், கடைசி இடைவெளி அதிகமாகவும் இருக்கும். காலை எழுந்ததும் நாள் முழுவதும் விழித்திருக்கப் போகிறாள் என்று தோன்றும் அளவுக்குச் சுறுசுறுப்பாக இருப்பாள். ஆனால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கண் சொருகும். பல வீடுகளில் காலை வேலை மும்முரத்தில் இந்த முதல் தூக்கம்தான் தவறிப்போகிறது. அது தவறினால் அன்றைய நாள் முழுவதும் சறுக்கும்.

அளவு தெரிந்தால் போதாது, குழந்தையையும் பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தூக்கத்தின் அடையாளங்கள் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் தாமதமான அடையாளங்கள். கண்ணைக் கசக்குவது, முதுகை வளைத்து அழுவது, காதைப் பிடித்து இழுப்பது எல்லாம் தூக்கத்தின் வாசல் தாண்டிய பிறகு வருபவை. அதற்கு முன்னால் வருவது அமைதி. பேசிக்கொண்டிருந்த குழந்தை சத்தத்தைக் குறைக்கும். பொம்மையைக் காட்டினால் பார்க்கும், ஆனால் கை நீட்டாது. பார்வை ஒரே இடத்தில் நிலைகுத்தி நிற்கும். உங்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்துத் தலையைத் திருப்பும். சில குழந்தைகளுக்குப் புருவத்தின் ஓரம் லேசாகச் சிவக்கும். இந்த நேரத்தில் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும். நிறையப் பேர் இதைச் சலிப்பு என்று நினைத்து இன்னொரு பொம்மையை ஆட்டிக் காட்டுவார்கள். குழந்தையும் சிரிக்கும், விளையாடும், அந்த வாசல் மூடிவிடும். பிறகு அரை மணி நேரம் தோளில் போட்டு நடக்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொட்டாவி விட்டால் உடனே தூக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து நாற்பது நிமிடத்தில் வரும் கொட்டாவி பெரும்பாலும் பழைய தூக்கத்தின் மிச்சம். சில குழந்தைகள் எந்த அடையாளமும் காட்டாமல் திடீரென்று வீறிட்டு அழுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மணியை நம்புவதே நல்லது. கடைசியாக எழுந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனதும், அழுகைக்குக் காத்திராமல் கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். மணியும் அடையாளமும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்று கேட்பார்கள். 6 மாதத்துக்குக் கீழே நான் மணிக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புத் தருவேன். அதற்கு மேல் குழந்தைக்குத்தான்.

அடுத்தது அந்த அரை மணி நேரம். குழந்தையின் ஒரு தூக்கச் சுற்று சுமார் 50, 60 நிமிடம். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 90. பச்சிளங்குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கண் இமைக்குள் விழி அசைய, முகம் சுளிக்க, கைகால் துள்ள நடக்கும் சுறுசுறுப்பான தூக்கம். பிறந்த குழந்தை தூங்கத் தொடங்கும்போதே அதில்தான் தொடங்கும். 3, 4 மாதத்துக்கு மேல் இந்த அமைப்பு மாறி, பெரியவர்களைப் போல முதலில் அமைதியான தூக்கத்துக்குள் போய், ஆழ்ந்து, மேலே வரத் தொடங்குகிறது. மேலே வரும் இடத்தில் அரைகுறையாக விழிப்பது எல்லோருக்கும் உண்டு. நாம் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். குழந்தைக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. பகலில் தூக்க அழுத்தம் குறைவாக இருப்பதால், அந்த அரைவிழிப்பு முழு விழிப்பாகிவிடுகிறது. நான்காம் மாதத்தில் அதுவரை நன்றாகத் தூங்கிய குழந்தையும் திடீரென்று தடுமாறுவது இந்த மாற்றத்தால்தான். பெற்றோர் எதையோ கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

ஆகவே 5 மாதத்தில் 30, 40 நிமிடத் தூக்கம் சகஜம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு ஏழு மாதம் வாக்கில் தானாகவே நீளும். அதுவரை ஒரு தூக்கத்தை மட்டும் நீட்டிப் பார்க்கலாம், நாளின் இரண்டாவது தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி இருபத்தைந்து நிமிடம் ஆனதும் பக்கத்தில் போய் உட்காருங்கள். அசையத் தொடங்கும்போதே நெஞ்சில் கை வைத்து மெல்லத் தட்டிக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் திரும்பத் தூங்கினால் நல்லது. தூங்காவிட்டால் விட்டுவிடுங்கள், எழுப்பி வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த ஒரு தூக்கத்தை மடியிலோ மார்பிலோ வைத்துக்கொண்டால் நீளும் என்றால், நீங்கள் விழித்திருந்து அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதனால் பழக்கம் கெட்டுவிடாது. குட்டித் தூக்கம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். 6 மாதம், 12 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக ஒன்றைக் கற்ற நான்கு மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி நேரம் தூங்கிய குழந்தைகள்தான் அதை நினைவில் வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகலாம் என்று ஓட்டிப் பார்ப்போம். பாப்பா காலை 6:30-க்கு எழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து 8:15-க்கு முதல் தூக்கம், 8:50-க்கு எழுகிறாள். அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து 10:50-க்கு. இதைத்தான் நீட்டிப் பார்க்கிறோம், 12 மணி வரை போகிறது என்று வைப்போம். பிற்பகல் 2 மணிக்கு மூன்றாவது, 2:35 வரை. 4:35-க்கு நான்காவது, அரை மணி நேரம் போதும். 5:05-க்கு எழுந்தால், இரண்டேகால் மணி நேரம் கழித்து 7:20 வாக்கில் இரவுத் தூக்கம். உங்கள் பழைய கணக்கில் மாலை 5 மணிக்கு அழுதுகொண்டிருந்த குழந்தை இதில் அப்போதுதான் தூங்கி எழுகிறாள். அந்த நான்காவது தூக்கம் குட்டியாக இருந்தாலும் அதன் வேலை பெரியது, அது இரவு வரைக்கும் ஒரு பாலம். படுக்கையில் வராவிட்டால் தோளில் போட்டோ, தள்ளுவண்டியில் வைத்து நடந்தோ தூங்க வையுங்கள், அந்த ஒன்றுக்கு இடம் முக்கியமில்லை. தள்ளுவண்டியில் என்றால் மல்லாக்கப் படுக்கிற மாதிரி சாய்வைத் தட்டையாக்கி, கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது தூக்கம் அபூர்வமாக நீண்டு 4 மணியைத் தாண்டிவிட்டால் நான்காவதை விட்டுவிட்டு இரவுத் தூக்கத்தை முன்னால் இழுத்துக்கொள்ளலாம்.

இந்த நாளில் மணிக்கணக்காக நிலையாக வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று, காலையில் எழுப்பும் நேரம். இரவு எப்படிப் போனாலும் அந்த நேரத்திலிருந்து அரை மணிக்கு மேல் தள்ளிப்போக விடாதீர்கள். எழுந்ததும் திரையை விலக்கி வெளிச்சத்தைக் காட்டுங்கள், முடிந்தால் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். உள் கடிகாரம் திருப்பி வைக்கப்படுவது அந்த வெளிச்சத்தில்தான். இரவெல்லாம் தூங்காமல் இருந்துவிட்டு, நன்றாகத் தூங்கும் குழந்தையை 6:45-க்கு எழுப்புவது கொடுமையாகத் தோன்றும், தெரியும். ஆனாலும் ஒரு வாரம் செய்து பாருங்கள். பகல் தூக்கங்கள் தாமாக வரிசைக்கு வருவதை இது அளவுக்கு வேறெதுவும் துரிதப்படுத்துவதில்லை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த விதி பொருந்தாது. அவர்களுக்கு எடை ஏறுவதும் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பதும்தான் அட்டவணை.

மொத்தத் தூக்கம் போதுமா என்ற கவலை எல்லோருக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: 3 மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16, ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 11 முதல் 14. பகல் தூக்கமும் இதில் அடக்கம். 12-க்கும் 16-க்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி என்று கவனியுங்கள். 12 மணி நேரம் தூங்கி நன்றாக விளையாடி, பால் குடித்து, எடை ஏறும் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை 15 மணி நேரம் தூங்குவதைக் கேட்டு உங்கள் குழந்தையைக் கூடுதலாகப் படுக்க வைத்தால் இரவு விழிப்புதான் கூடும்.

இரவுக்கு ஒரு வரிசை வேண்டும், நீளமாக இருக்க வேண்டியதில்லை. வெந்நீரில் உடம்பைக் கழுவி, எண்ணெயோ லோஷனோ தடவி நீவிவிட்டு, இரவு உடை மாற்றி, விளக்கைக் குறைத்து, பால் கொடுத்து, ஒரு தாலாட்டு. இருபது முப்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முக்கியம், தினமும் அதே வரிசை. 405 குழந்தைகளிடமும் அவர்கள் அம்மாக்களிடமும் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், குளியல், நீவல், பிறகு அமைதியான ஒரு செயல் என்று இரண்டே வாரம் ஒரே வரிசையைப் பின்பற்றியதில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பது குறைந்தது, அம்மாக்களின் மனநிலையும் தெளிந்தது. அந்தக் குழந்தைகள் 7 மாதத்துக்கு மேற்பட்டவர்கள். ஆனால் 5 மாதத்தில் தொடங்குவதால் இழப்பு ஒன்றுமில்லை. பகல் தூக்கத்துக்கும் இதன் சுருக்கம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: டயப்பர் மாற்றுவது, திரையை மூடுவது, ஒரே பாட்டு. ஐந்து நிமிடம் போதும். அறை இருட்டாக இருக்கட்டும். பகலில் இருட்டில் தூங்கினால் இரவில் தூங்காது என்பது பச்சிளங்குழந்தைக் கட்டத்துக்குத்தான் கொஞ்சம் பொருந்தும். 5 மாதக் குழந்தைக்குச் சுற்றி நடப்பதெல்லாம் வேடிக்கைதான், வெளிச்சத்தில் தூங்கச் சொன்னால் எப்படித் தூங்கும்? மழைச் சத்தம் மாதிரியான ஓசையை ஓடவிடுவதென்றால், கருவியைக் குழந்தையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, ஒலியைக் குறைத்து வையுங்கள்.

பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறாளே, அது கெட்ட பழக்கமா என்று நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்லியிருப்பார்கள் என்பதால் நானே சொல்கிறேன். உங்களுக்கு அது சிரமமாக இல்லையென்றால் அதை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சிரமம் என்றால், நாளில் ஒரு தூக்கத்துக்கு மட்டும், அதுவும் நாளின் முதல் தூக்கத்துக்கு, பாலைப் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, சொக்கும் நிலையில் ஆனால் கண் திறந்திருக்கும்போதே படுக்கையில் விட்டுப் பாருங்கள். அழுதால் தூக்கிக்கொள்ளுங்கள், நாளை மறுபடி முயலலாம். தன்னைத் தானே தூங்க வைத்துக்கொள்ளும் திறன் பழகப் பழக வருவது. ஒரே நாளில் எல்லாத் தூக்கத்திலும் புகுத்தினால் இருவருக்கும் அழுகைதான் மிச்சம்.

இரவில் மூன்று நான்கு முறை விழிப்பதில் ஒன்றிரண்டு பசிக்காக இருக்கும். அது இந்த வயதில் நியாயமான பசி. கனடாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் 38 சதவீதம் தொடர்ந்து 6 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. 12 மாதத்திலும் 28 சதவீதம் அப்படித்தான். அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இரவு முழுக்கத் தூங்கும் குழந்தைதான் இயல்பு என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்தால் பல அம்மாக்களின் குற்ற உணர்ச்சி குறையும். இரவில் பால் கொடுக்கும்போது பேசாதீர்கள், பெரிய விளக்கைப் போடாதீர்கள், டயப்பர் தேவையென்றால் மட்டும் மாற்றுங்கள். சிணுங்கியதும் ஓடாமல் ஒரு நிமிடம் காத்திருந்து கவனியுங்கள். சுறுசுறுப்பான தூக்கத்தில் குழந்தை முனகும், கைகாலை உதறும், கண்ணைக்கூடத் திறக்கும். அந்த நேரத்தில் தூக்கினால் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை நாமே எழுப்பிவிடுகிறோம்.

அழவிட்டுப் பழக்குவது பற்றிச் சுருக்கமாக. 6 மாதத்துக்கு முன்னால் வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குப் பிறகு, சில நிமிடம் அழவிட்டு, அந்த நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போய்ப் பார்க்கும் முறையைப் பயன்படுத்தினால் குழந்தைக்கு மனரீதியான தீங்கு வரும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. 2016-இல் ஆஸ்திரேலியாவில் 43 குழந்தைகளிடம் நடந்த சிறிய ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் அம்மாவோடு உள்ள பிணைப்பில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதே ஆய்வில் அழுகை குறைவான இன்னொரு வழியும் பலன் தந்தது: குழந்தை உண்மையில் தூங்கும் நேரம் 9 மணி என்றால், படுக்க வைப்பதையும் 9-க்கே தள்ளி, சட்டென்று தூங்கப் பழகியதும் பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்னால் கொண்டுவருவது. எனக்கு இதுதான் பிடித்த வழி. எந்த வழியும் கட்டாயமில்லை. உங்கள் மனம் ஒப்பாத முறையை மூன்றாம் நாளே பாதியில் விடுவீர்கள், அந்த அரைகுறைதான் குழந்தையைக் குழப்பும்.

தூக்க நேரத்தைவிட முக்கியமானது தூங்கும் இடம், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். பகலோ இரவோ, ஒரு வயது வரை குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். அமெரிக்காவில் 1992-இல் இந்தப் பரிந்துரை வந்து, 1994-இல் பெரிய பிரச்சாரமாக நடந்த பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. மெத்தை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை, ஓரத்து மெத்தை எதுவும் வேண்டாம். குறைந்தது முதல் 6 மாதம் உங்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் படுக்க வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2022-இல் வெளியிட்ட பரிந்துரை. குழந்தையைச் சாய்த்து வைத்து ஆட்டும் இருக்கை, கார் இருக்கை போன்றவை தூங்கும் இடமல்ல. பயணத்தில் தூங்கிவிட்டால், இறங்கியதும் தட்டையான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். 5 மாதத்தில் புரளத் தொடங்கியிருப்பாள், ஆகவே துணியால் இறுகச் சுற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். இரு பக்கமும் நன்றாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் தானே குப்புறப் புரண்டால் திருப்ப வேண்டியதில்லை, படுக்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க. களைப்போடு சோபாவில் குழந்தையை மார்பில் வைத்துக்கொண்டு நீங்கள் கண் அசந்துவிடுவது மிகவும் ஆபத்தானது. தூக்கம் சுழற்றினால் குழந்தையைப் படுக்கையில் விடுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

குழந்தையைத் தூங்க வைக்க எந்த மருந்தும், சளி மருந்தோ அலர்ஜி மருந்தோ, மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. தூக்கத்தில் தினமும் குறட்டை விடுகிறாள், மூச்சு நின்று நின்று வருகிறது, எடை ஏறவில்லை, பால் குடிக்க எழுப்பினாலும் எழவில்லை, அழுகை வழக்கத்துக்கு மாறான குரலில் இருக்கிறது என்றால் அட்டவணையை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் களைப்பாக இல்லாமல் இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மருத்துவரிடம் குழந்தையைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். இரவில் ஒரு பாதியை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொண்டு, நீங்கள் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் தூங்க வழி செய்வதை நான் எந்த அட்டவணையையும்விட முதலில் வைப்பேன்.

காய்ச்சல், தடுப்பூசி, பயணம், தவழக் கற்கும் வாரம் இவையெல்லாம் கணக்கைக் கலைக்கும். அந்த நாட்களில் எப்படித் தூங்கினாலும் சரி என்று விட்டுவிட்டு, முடிந்ததும் காலை எழுப்பும் நேரத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் திரும்ப வந்துவிடும்.

அடுத்த மாதங்களில் என்ன வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய நான்கு தூக்கம் சீக்கிரமே மூன்றாகும், ஒவ்வொன்றும் நீளும். 6 முதல் 9 மாதத்துக்குள் மூன்றாவதும் போய், காலை ஒன்று, பிற்பகல் ஒன்று என்று நிற்கும். மணிக்கணக்கு அட்டவணை உண்மையில் ஒத்துவரத் தொடங்குவது அந்தக் கட்டத்தில்தான். 13 முதல் 18 மாதத்துக்குள் இரண்டும் சேர்ந்து மதியம் ஒன்றாகும். அது மூன்று வயதுக்கு மேலும் நீடிக்கலாம். ஒரு தூக்கத்தை விடத் தயாராகிவிட்டாளா என்று ஒரு நாள் மறுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து மறுத்தாலோ, அதைத் தூங்கினால் இரவு வெகுநேரம் விழித்திருந்தாலோதான் அந்தத் தூக்கத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திய முதல் சில நாட்களில் மாலையில் தள்ளாடுவாள், அப்போது இரவுத் தூக்கத்தை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை முன்னால் கொண்டுவாருங்கள். 6:30-க்கே படுக்க வைத்தால் விடியலில் 4 மணிக்கு எழுந்துவிடுவாளோ என்று பயப்படுவீர்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. விட்ட தூக்கத்தை இரவில் எடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்கே எழுவாள்.